அடிபந்தாட்ட எறிவாளர் புள்ளிவிவரங்கள்

அடிபந்தாட்ட எறிவாளர் புள்ளிவிவரங்கள் என்பவை, பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டத்தில் பந்தை எறியும் ஆட்டக்காரரின் திறனையும் அவரால் அணிக்குக் கிடைத்த பயனையும் எண்களால் குறிக்கும் அளவுகள் ஆகும். வெற்றி-தோல்விக் கணக்கு, ஈட்டிய ஓட்டச் சராசரி, ஸ்ட்ரைக்-அவுட் எண்ணிக்கை, சேவ் எண்ணிக்கை ஆகியவை நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளன. எஃப்.ஐ.பி., வார் போன்றவை பிற்காலத்தில் உருவாக்கப்பட்டவை. இவற்றுள் எது எறிவாளரின் மதிப்பைச் சரியாகக் காட்டுகிறது என்பது ஐக்கிய அமெரிக்காவின் மேஜர் லீக் ஆட்டங்களைப் பின்பற்றுவோரிடையே பல பத்தாண்டுகளாக விவாதிக்கப்பட்டு வரும் கேள்வியாகும்.

இவ்விவாதம் பொழுதுபோக்கு மட்டுமன்று. ஆண்டின் சிறந்த எறிவாளருக்கான சை யங் விருது, ஆட்டக்காரர்களின் ஊதியம், புகழ் மண்டபத்தில் இடம் பெறுதல் ஆகியன இந்த எண்களைக் கொண்டே பெரிதும் முடிவு செய்யப்படுகின்றன. தவறான அளவு ஒன்றை நம்பினால், ஒருவர் செய்த வேலைக்கான பெருமை வேறொருவருக்குச் சென்றுவிடும்.

எறிவாளரை அளக்கும் எந்த எண்ணையும் இரண்டு கேள்விகளால் சோதிக்கலாம்.

1. எறிவாளரின் செயலால் விளைந்ததை மட்டும் அது அவர் கணக்கில் சேர்க்கிறதா?
2. எவ்வளவு நன்றாக எறிந்தார் என்பதோடு, எவ்வளவு எறிந்தார் என்பதையும் அது கருத்தில் கொள்கிறதா?

ஆட்டத்தில் எறிவாளரின் பங்கு

அடிபந்தாட்டத்தில் ஓர் ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ்களைக் கொண்டது. ஒவ்வொரு இன்னிங்ஸிலும் ஓர் அணி மூன்று ஆட்டமிழப்புகள் வரை மட்டை பிடிக்கும். எறிவாளர் எறியும் பந்தை மட்டையாளர் எதிர்கொள்ளும்போது, அம்மோதல் பின்வரும் வழிகளில் முடியலாம்.

- ஸ்ட்ரைக்-அவுட்: மூன்று ஸ்ட்ரைக்குகள் ஆனதால் மட்டையாளர் ஆட்டமிழத்தல்.
- இலவச நடை: எல்லைக்கு வெளியே எறியப்பட்ட நான்கு பந்துகளை மட்டையாளர் அடிக்காமல் விட்டதால் முதல் தளத்தை இலவசமாகப் பெறுதல். எறிந்த பந்து உடலில் பட்டாலும் மட்டையாளருக்கு முதல் தளம் கிடைக்கும்.
- ஹோம் ரன்: அடித்த பந்து பெரும்பாலும் மைதான வேலியைத் தாண்டிச் சென்று, மட்டையாளர் எல்லாத் தளங்களையும் சுற்றி வந்து ஓட்டம் பெறுதல்.
- களத்தில் விழும் பந்து: அடித்த பந்து களத்தடுப்பாளர்களின் எல்லைக்குள் செல்லுதல். அது பிடிக்கப்பட்டு ஆட்டமிழப்பாகலாம். அல்லது இடைவெளியில் விழுந்து மட்டையாளர் தளத்தை அடையும் தள அடியாகலாம்.

முதல் மூன்றில் களத்தடுப்பாளர்களுக்குப் பெரும்பாலும் வேலை இல்லை. நான்காவதில் எறிவாளருக்குப் பின்னால் நிற்கும் ஏழு களத்தடுப்பாளர்களின் வேகமும் நிற்கும் இடமும் முடிவைத் தீர்மானிக்கின்றன. எறிவாளரை அளப்பதில் உள்ள சிக்கல்களில் பெரும்பகுதி இந்த நான்காவது வகையிலிருந்தே எழுகிறது.

வெற்றி-தோல்விக் கணக்கு

மிகப் பழைய அளவு, எறிவாளருக்கு வரவு வைக்கப்படும் வெற்றிகளின் எண்ணிக்கை ஆகும். ஓர் அணி இறுதிவரை இழக்காத முன்னிலையைப் பெறும்போது எவர் அதன் எறிவாளராக இருந்தாரோ அவருக்கே பொதுவாக வெற்றி எழுதப்படும். ஆட்டத்தைத் தொடங்கிய எறிவாளர் இவ்வெற்றியைப் பெறக் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் எறிந்திருக்க வேண்டும்.

தொடக்க எறிவாளரே ஒன்பது இன்னிங்ஸையும் எறிந்து முடித்த காலத்தில் இக்கணக்குக்கு ஓரளவு பொருள் இருந்தது. 511 வெற்றிகளுடன் வரலாற்றில் முதலிடத்தில் உள்ள சை யங் அக்காலத்தவர். விருதுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. பிற்காலத்தில் ஓர் ஆட்டத்தை நான்கைந்து எறிவாளர்கள் பகிர்ந்துகொள்வது வழக்கமாயிற்று. இதனால் வெற்றி என்பது எறிவாளரின் திறனைவிட, அவர் எறிந்த நாளில் அவருடைய அணியினர் எத்தனை ஓட்டங்கள் எடுத்தனர் என்பதையே கூடுதலாகச் சார்ந்ததாயிற்று.

பின்வரும் நிகழ்வுகள் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள் ஆகும்.

- 1987 ஆம் ஆண்டில் ஹூஸ்டன் அணியின் நோலன் ரையன், நேஷனல் லீக்கில் மிகக் குறைந்த ஈட்டிய ஓட்டச் சராசரியையும் (2.76), மிக அதிக ஸ்ட்ரைக்-அவுட்களையும் (270) பெற்றார். எனினும் அவர் கணக்கில் 8 வெற்றிகளும் 16 தோல்விகளுமே எழுதப்பட்டன. அவ்வாண்டின் சை யங் விருது 40 சேவ்கள் பெற்ற ஸ்டீவ் பெட்ரோசியனுக்குச் சென்றது.
- 1990 ஆம் ஆண்டில் ஓக்லாந்து அணியின் பாப் வெல்ச் 27 வெற்றி, 6 தோல்வி, 2.95 சராசரி பெற்றுச் சை யங் விருதை வென்றார். அதே லீக்கில் பாஸ்டன் அணியின் ரோஜர் கிளெமென்ஸ் 21 வெற்றி, 6 தோல்வி, 1.93 சராசரி பெற்றிருந்தார். ஓக்லாந்து அணி அவ்வாண்டு 103 ஆட்டங்களில் வென்ற வலிமையான அணியாகும்.
- 2010 ஆம் ஆண்டில் சியாட்டில் அணியின் ஃபெலிக்ஸ் எர்னாண்டெஸ் ஏறத்தாழ 250 இன்னிங்ஸ் எறிந்து 2.27 சராசரி பெற்றார். அவருடைய அணி 162 ஆட்டங்களில் 513 ஓட்டங்கள் மட்டுமே எடுத்தது. அதாவது ஆட்டத்திற்கு 3.2 ஓட்டங்கள்கூட இல்லை. இதனால் எர்னாண்டெஸின் கணக்கு 13 வெற்றி, 12 தோல்வி என்றே அமைந்தது. நியூயார்க் யாங்கீஸ் அணியின் சி.சி. சபாத்தியா 3.18 சராசரியுடன் 21 வெற்றிகள் பெற்றிருந்தார். எனினும் வாக்களித்த பத்திரிகையாளர்கள் எர்னாண்டெஸையே தேர்ந்தெடுத்தனர்.
- 2018 ஆம் ஆண்டில் நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜேக்கப் டிகிராம் 1.70 சராசரி பெற்றும் 10 ஆட்டங்களில் மட்டுமே வெற்றி பெற்றார்; 9 தோல்விகள் அவர் கணக்கில் சேர்ந்தன. அவருக்கு 30 முதலிட வாக்குகளில் 29 கிடைத்தன.

1987, 1990 ஆகிய ஆண்டுகளின் முடிவுகளையும் 2010, 2018 ஆகிய ஆண்டுகளின் முடிவுகளையும் ஒப்பிட்டால், வெற்றிக் கணக்கின் மீதிருந்த நம்பிக்கை எவ்வளவு குறைந்தது என்பது தெளிவாகும்.

வெற்றிக் கணக்கு எப்போதும் பொய்க்கும் என்பதும் இல்லை. 1972 ஆம் ஆண்டில் பிலடெல்பியா அணி 59 ஆட்டங்களில் மட்டுமே வென்றது. அவற்றுள் 27 வெற்றிகள் ஸ்டீவ் கார்ல்டன் என்னும் ஓர் எறிவாளருடையவை. அவர் 27-10 என்ற கணக்கில் முடித்தபோது, அணியின் பிற எறிவாளர்கள் அனைவரும் சேர்ந்து 32-87 என்ற கணக்கில் முடித்தனர். ஆயினும் கார்ல்டனின் சிறப்பை அவருடைய 1.97 சராசரியும் 346 இன்னிங்ஸும் தாமே காட்டிவிடுகின்றன. வெற்றிக் கணக்கு சரியாக இருக்கும்போது அது புதிதாக எதையும் சொல்வதில்லை; பிற அளவுகளோடு முரண்படும்போது பெரும்பாலும் அதுவே தவறாக உள்ளது.

ஈட்டிய ஓட்டச் சராசரி

ஈட்டிய ஓட்டச் சராசரி என்பது ஓர் எறிவாளர் ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ஓட்டங்கள் கொடுக்கிறார் என்பதைக் காட்டும் அளவாகும். இது ஈ.ஆர்.ஏ. என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. எண் குறையக் குறைய எறிவாளர் சிறந்தவர்.

ஈட்டிய ஓட்டச் சராசரி = ஈட்டிய ஓட்டங்கள் × 9 ÷ எறிந்த இன்னிங்ஸ்

எடுத்துக்காட்டாக, பாஸ்டன் அணியின் பெட்ரோ மார்ட்டினெஸ் 2000 ஆம் ஆண்டில் 217 இன்னிங்ஸில் 42 ஈட்டிய ஓட்டங்களைக் கொடுத்தார். 42 × 9 ÷ 217 = 1.74.

இதன் கருத்தை உருவாக்கியவராக ஹென்றி சாட்விக் (1824-1908) குறிப்பிடப்படுகிறார். இங்கிலாந்தில் பிறந்த இவர், நியூயார்க்கில் முதலில் கிரிக்கெட் ஆட்டங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதியவர். நேஷனல் லீக் 1912 இலும் அமெரிக்கன் லீக் 1913 இலும் இச்சராசரியை அலுவல்முறை அளவாக ஏற்றுக்கொண்டன.

வெற்றிக் கணக்கைவிட இது பெரும் முன்னேற்றமாகும். சொந்த அணியின் மட்டையாளர்கள் எத்தனை ஓட்டங்கள் எடுத்தாலும் இது மாறாது. ஆனால் இதற்கும் குறைபாடுகள் உள்ளன.

முதலாவது, களப்பிழை பற்றியது. களத்தடுப்பாளரின் தவறால் வந்த ஓட்டம் 'ஈட்டாத ஓட்டம்' எனப்பட்டு எறிவாளர் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. எது தவறு என்பதை மைதானத்தில் உள்ள புள்ளிப் பதிவாளர் முடிவு செய்கிறார். எளிய பந்தைத் தொட்டு நழுவ விட்டவர் தவறு செய்தவராவார்; மெதுவாக ஓடி அப்பந்தை எட்டவே இயலாதவர் மீது தவறு எழுதப்படுவதில்லை. அது தள அடியாகி எறிவாளரையே சேர்கிறது. மேலும், இரண்டு ஆட்டமிழப்புகளுக்குப் பின் மூன்றாவது ஆட்டமிழப்பாக வேண்டிய பந்தில் தவறு நேர்ந்தால், அந்த இன்னிங்ஸில் அதன் பின் அவ்வெறிவாளர் ஹோம் ரன்களே கொடுத்தாலும் அவ்வோட்டங்கள் அனைத்தும் ஈட்டாதவையாகிவிடும்.

இரண்டாவது, எறிவாளர் மாற்றம் பற்றியது. தளங்களில் எதிரணியினரை நிற்க விட்டு ஓர் எறிவாளர் வெளியேறினால், அவர்கள் எடுக்கும் ஓட்டங்கள் வெளியேறியவர் கணக்கிலேயே சேரும். பின் வந்தவர் நன்றாக எறிந்தாரா இல்லையா என்பதைப் பொறுத்து முன்னவரின் சராசரி மாறுகிறது.

மூன்றாவது, தற்செயல். ஒரே வேகத்தில் அடிக்கப்பட்ட இரு பந்துகளில் ஒன்று களத்தடுப்பாளரின் கைக்கும் மற்றொன்று இரு களத்தடுப்பாளர்களுக்கு இடையிலும் செல்லலாம். ஓர் ஆண்டில் எறியும் ஏறத்தாழ 200 இன்னிங்ஸில் இவ்வேறுபாடு சமப்பட்டுவிடும் என்று சொல்ல இயலாது.

மைதானமும் காலமும்

ஒரே சராசரி எல்லா இடத்திலும் எல்லாக் காலத்திலும் ஒரே பொருளைத் தருவதில்லை. கொலராடோ அணியின் கூர்ஸ் ஃபீல்டு மைதானம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றின் அடர்த்தி குறைவு. எனவே அடித்த பந்து கூடுதல் தொலைவு செல்கிறது. எறிந்த பந்து குறைவாகவே வளைகிறது. அங்கு எறிபவரின் சராசரியைக் கடலோர நகரத்தில் எறிபவரின் சராசரியோடு நேராக ஒப்பிடுவது முறையன்று.

காலத்தின் தாக்கமும் இத்தகையதே. 1968 ஆம் ஆண்டில் செயின்ட் லூயிஸ் அணியின் பாப் கிப்சன் 1.12 என்ற வியக்கத்தக்க சராசரியைப் பெற்றார். ஆனால் அவ்வாண்டு எறிவாளர்களின் ஆண்டாகும். நேஷனல் லீக்கின் பொதுச் சராசரியே ஏறத்தாழ 3.0 ஆக இருந்தது. இதனால் 1969 இல் எறிவாளர் நிற்கும் மேட்டின் உயரம் 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. மாறாக, மார்ட்டினெஸ் 1.74 பெற்ற 2000 ஆம் ஆண்டில் அமெரிக்கன் லீக்கின் பொதுச் சராசரி ஏறத்தாழ 4.9 ஆகும்.

இவ்வேறுபாடுகளைச் சரிசெய்யும் அளவு ஈ.ஆர்.ஏ. பிளஸ் எனப்படுகிறது. இதில் லீக்கின் சராசரி எறிவாளர் 100 எனக் கொள்ளப்படுகிறார். மைதானத்தின் தன்மையும் கணக்கில் சேர்க்கப்படுகிறது. எண் கூடக் கூட எறிவாளர் சிறந்தவர். இவ்வளவின்படி 1968 ஆம் ஆண்டுக் கிப்சன் 258 உம், 2000 ஆம் ஆண்டு மார்ட்டினெஸ் 291 உம் பெறுகின்றனர். வெறும் சராசரியில் பின்தங்கியிருந்த மார்ட்டினெஸ் இங்கு முந்துகிறார்.

விப், தரமான தொடக்கம்

விப் என்பது ஓர் இன்னிங்ஸுக்குக் கொடுத்த தள அடிகள், இலவச நடைகள் ஆகியவற்றின் கூட்டுத்தொகை ஆகும். எழுத்தாளர் டேனியல் ஓக்ரென்ட் 1979 ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். கணக்கிடுவதற்கு எளிது; ஆனால் ஹோம் ரன்னையும் இலவச நடையையும் ஒரே மதிப்பாகக் கொள்வது இதன் குறையாகும்.

ஆறு இன்னிங்ஸ் அல்லது அதற்கு மேல் எறிந்து, மூன்றுக்கு மேற்படாத ஈட்டிய ஓட்டங்கள் கொடுத்தால் அது தரமான தொடக்கம் எனப்படும். பத்திரிகையாளர் ஜான் லோ 1985 இல் இதனை முன்மொழிந்தார். ஆறு இன்னிங்ஸில் மூன்று ஓட்டங்கள் என்பது 4.50 சராசரிக்குச் சமம். இது உயர்ந்த தரமன்று என்று பலர் சுட்டிக்காட்டியுள்ளனர்.

களத்தடுப்பு சாரா அளவுகள்

1970களின் பிற்பகுதியிலிருந்து பில் ஜேம்ஸ் முதலானோர் அடிபந்தாட்டப் புள்ளிவிவரங்களை ஆய்வு முறையில் அணுகினர். இத்துறை சேபர்மெட்ரிக்ஸ் எனப் பெயர் பெற்றது. இதில் எறிவாளரைப் பற்றிய பெரும் மாற்றம் வோரோஸ் மெக்கிராக்கென் என்பவரால் ஏற்பட்டது. இவர் 2001 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், களத்தில் விழும் பந்துகளில் எத்தனை விழுக்காடு தள அடிகளாகின்றன என்பதில் மேஜர் லீக் எறிவாளர்களிடையே உண்மையான வேறுபாடு மிகக் குறைவு என்று வாதிட்டார். ஓர் ஆண்டில் இவ்விழுக்காட்டில் சிறந்து விளங்கியவர் அடுத்த ஆண்டில் பின்தங்குவது வழக்கமாக இருந்தது. ஆனால் ஸ்ட்ரைக்-அவுட், இலவச நடை ஆகியவற்றின் வீதங்கள் ஆண்டுதோறும் பெரும்பாலும் நிலைத்திருந்தன. மைக்கேல் லூயிஸ் 2003 இல் வெளியிட்ட மணிபால் என்ற நூலும் இக்கண்டுபிடிப்பைப் பற்றிக் கூறுகிறது.

எஃப்.ஐ.பி.

இக்கருத்தை எளிய வாய்பாடாக்கியவர் டாம் டேங்கோ ஆவார். களத்தடுப்பு சாரா எறிதல் என்று பொருள்படும் இவ்வளவு எஃப்.ஐ.பி. என அழைக்கப்படுகிறது.

எஃப்.ஐ.பி. = (13 × ஹோம் ரன் + 3 × (இலவச நடை + உடலில் பட்ட எறி) − 2 × ஸ்ட்ரைக்-அவுட்) ÷ இன்னிங்ஸ் + மாறிலி

மாறிலி ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும், பெரும்பாலும் 3.1 ஐ ஒட்டியது. லீக்கின் பொது எஃப்.ஐ.பி. மதிப்பும் பொது ஈட்டிய ஓட்டச் சராசரியும் ஒன்றாக இருக்கும்படி அது தெரிவு செய்யப்படுகிறது. எனவே இரு எண்களையும் ஒரே அளவுகோலில் படிக்கலாம்.

எடுத்துக்காட்டு: மார்ட்டினெஸ், 1999 மற்றும் 2000

இரு அளவுகளும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதற்கு மார்ட்டினெஸின் இரு ஆண்டுகள் சிறந்த சான்றாகும்.

1999 ஆம் ஆண்டு:
- எறிந்த இன்னிங்ஸ்: 213 1/3
- ஸ்ட்ரைக்-அவுட்: 313
- இலவச நடை: 37, உடலில் பட்ட எறி: 9
- ஹோம் ரன்: 9
- ஈட்டிய ஓட்டச் சராசரி: 2.07
- எஃப்.ஐ.பி.: 1.39

2000 ஆம் ஆண்டு:
- எறிந்த இன்னிங்ஸ்: 217
- ஸ்ட்ரைக்-அவுட்: 284
- இலவச நடை: 32, உடலில் பட்ட எறி: 14
- ஹோம் ரன்: 17
- ஈட்டிய ஓட்டச் சராசரி: 1.74
- எஃப்.ஐ.பி.: 2.17

1999 இல் ஸ்ட்ரைக்-அவுட்கள் கூடுதல். ஹோம் ரன்கள் ஏறத்தாழ பாதி. ஆயினும் அவ்வாண்டின் சராசரியே 2000 ஆம் ஆண்டைவிட மோசமானது. காரணம் களத்தில் விழுந்த பந்துகளில் உள்ளது. இரு ஆண்டுகளிலும் அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 470 தான். ஆனால் 1999 இல் அவற்றுள் 151 பந்துகள் தள அடிகளாயின; 2000 இல் 111 மட்டுமே அவ்வாறாயின. இந்த நாற்பது தள அடிகளே இரு ஆண்டுகளின் சராசரிகளையும் தலைகீழாக மாற்றின.

இந்த நாற்பது தள அடிகளுக்கு உரியவர் யார் என்பதே விவாதத்தின் சாரம். அவை மார்ட்டினெஸின் திறனால் குறைந்தவை எனக் கொண்டால் 2000 ஆம் ஆண்டே சிறந்தது. அவை களத்தடுப்பாலும் தற்செயலாலும் குறைந்தவை எனக் கொண்டால் 1999 ஆம் ஆண்டே சிறந்தது. இரண்டிற்கும் இடைப்பட்டது உண்மை என்பதே இன்று ஆய்வாளர் பலரின் கருத்து.

வரம்புகள்

எஃப்.ஐ.பி. அளவும் குறையற்றதன்று.

- நக்கிள் பால் எனப்படும் சுழலாப் பந்தை எறிவோர், களத்தில் விழும் பந்துகளில் பிறரைவிடக் குறைந்த தள அடிகளையே நெடுங்காலம் கொடுத்துள்ளனர். அத்திறனை இவ்வளவு காட்டாது.
- ஹோம் ரன் எண்ணிக்கை முழுவதும் எறிவாளருக்கே உரியது என்று இது கொள்கிறது. மைதானத்தின் அளவும் காற்றும் அதில் பங்கு பெறுகின்றன.
- பந்தைப் பிடிக்கும் கேட்சர், எல்லையோரப் பந்துகளைத் திறமையாகப் பிடித்து நடுவரிடம் ஸ்ட்ரைக் பெற்றுத் தரலாம். எனவே ஸ்ட்ரைக்-அவுட்டும் இலவச நடையும்கூட முற்றிலும் எறிவாளர் ஒருவருடையவை அல்ல.
- தளங்களில் எதிரணியினர் நிற்கும்போது சிறப்பாக எறியும் திறன் ஒருவருக்கு இருந்தால், அதனை இது கருதுவதில்லை.

2015 ஆம் ஆண்டு முதல் ஸ்டேட்காஸ்ட் என்னும் கருவித் தொகுதி மேஜர் லீக் மைதானங்கள் அனைத்திலும் இயங்குகிறது. மட்டையிலிருந்து பந்து புறப்படும் வேகமும் கோணமும் இதனால் அளக்கப்படுகின்றன. அத்தகைய வேகத்திலும் கோணத்திலும் அடிக்கப்பட்ட பந்துகள் வழக்கமாக எத்தனை முறை தள அடிகளாகும் என்பதைக் கொண்டு, எறிவாளருக்கு 'எதிர்பார்க்கப்படும்' சராசரி ஒன்றைக் கணிக்கலாம். வலுவற்ற அடிகளைப் பெறும் எறிவாளரின் திறனையும், களத்தடுப்பாளரின் உதவியையும் பிரித்தறிய இது பயன்படுகிறது.

எறிந்த அளவும் மாற்றாள் நிலையும்

மேற்கூறியவற்றில் வெற்றிக் கணக்கைத் தவிர மற்றவை பெரும்பாலும் வீதங்கள். அதாவது எவ்வளவு நன்றாக எறிந்தார் என்பதைக் காட்டுபவை. மதிப்பு என்பது வீதம் மட்டுமன்று. ஓர் எறிவாளர் எறியாத இன்னிங்ஸை வேறொருவர் எறிந்தாக வேண்டும். அவ்வாறு வருபவர் பெரும்பாலும் லீக்கின் சராசரித் திறனுக்கும் கீழானவராக இருப்பார். குறைந்த ஊதியத்தில் எளிதில் கிடைக்கும் இத்தகைய ஆட்டக்காரரின் தரமே மாற்றாள் நிலை எனப்படுகிறது.

கற்பனையான இரு எறிவாளர்களைக் கொண்டு இதனை விளக்கலாம். முதலாமவர் 3.50 சராசரியில் 200 இன்னிங்ஸ் எறிகிறார். இரண்டாமவர் 3.00 சராசரியில் 120 இன்னிங்ஸ் எறிகிறார். மாற்றாளின் சராசரி 5.50 எனக் கொள்வோம்.

- முதலாமவர் மிச்சப்படுத்திய ஓட்டங்கள்: (5.50 − 3.50) × 200 ÷ 9 = 44
- இரண்டாமவர் மிச்சப்படுத்திய ஓட்டங்கள்: (5.50 − 3.00) × 120 ÷ 9 = 33

சராசரியில் பின்தங்கிய முதலாமவரே அணிக்குப் பதினோரு ஓட்டங்கள் கூடுதலாகப் பயன் தந்துள்ளார். ஏறத்தாழ பத்து ஓட்டங்கள் ஒரு வெற்றிக்குச் சமம் என்பது ஆய்வாளர்களின் பொதுவான கணிப்பு. எனவே இவ்வேறுபாடு ஏறத்தாழ ஒரு வெற்றியாகும்.

2021 ஆம் ஆண்டு நேஷனல் லீக் விருதில் இச்சிக்கல் நேரடியாக எழுந்தது. மில்வாக்கி அணியின் கார்பின் பர்ன்ஸ் 167 இன்னிங்ஸில் 2.43 சராசரி பெற்றார். பிலடெல்பியா அணியின் ஜாக் வீலர் 213 இன்னிங்ஸில் 2.78 சராசரி பெற்றார். இருவருக்கும் தலா 12 முதலிட வாக்குகள் கிடைத்தன. மொத்தப் புள்ளிகளில் சிறு வேறுபாட்டில் பர்ன்ஸ் வென்றார்.

வார்

தரம், அளவு ஆகிய இரண்டையும் ஒரே எண்ணாக்கும் முயற்சியே வார் ஆகும். மாற்றாள் ஒருவர் எறிந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய வெற்றிகளைவிட எத்தனை வெற்றிகள் கூடுதலாகக் கிடைத்தன என்பதை இது குறிக்கிறது. மாற்றாட்களே நிறைந்த ஓர் அணி 162 ஆட்டங்களில் ஏறத்தாழ 48 இல் வெல்லும் என்று கொள்ளப்படுகிறது.

இவ்வளவுக்கு ஒரே வாய்பாடு இல்லை. பேஸ்பால் ரெஃபரன்ஸ் என்னும் இணையத்தளம் எறிவாளர் உண்மையில் கொடுத்த ஓட்டங்களிலிருந்து தொடங்கி, அணியின் களத்தடுப்புத் தரம், மைதானம், எதிரணிகளின் வலிமை ஆகியவற்றுக்காகத் திருத்தம் செய்கிறது. ஃபேன்கிராஃப்ஸ் இணையத்தளம் எஃப்.ஐ.பி. அளவிலிருந்து தொடங்குகிறது. எனவே மார்ட்டினெஸின் சிறந்த ஆண்டு முதலாவது தளத்தின்படி 2000; இரண்டாவது தளத்தின்படி 1999. மேலே கண்ட நாற்பது தள அடிகளை இரு தளங்களும் வெவ்வேறு கணக்கில் எழுதுவதே இதற்குக் காரணம்.

இத்தகைய எண்கள் ஊதியத்தையும் தொடுகின்றன. 2022 ஆம் ஆண்டில் மேஜர் லீக் நிர்வாகத்திற்கும் ஆட்டக்காரர் சங்கத்திற்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டின்படி, பணிக்காலம் குறைந்த இளம் ஆட்டக்காரர்களுக்கென ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஊக்கத்தொகை ஒதுக்கப்பட்டது. விருது பெற்றோருக்குக் கொடுத்தது போக எஞ்சிய தொகையைப் பங்கிட, இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட வார் கணக்கீடு ஒன்று பயன்படுத்தப்பட்டது.

விடுவிப்பு எறிவாளர்கள்

தொடக்க எறிவாளருக்குப் பின் ஆட்டத்தின் பிற்பகுதியில் வருபவர் விடுவிப்பு எறிவாளர் எனப்படுகிறார். இவர்களுக்கான பழைய அளவு சேவ் ஆகும். சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் இதனை உருவாக்கினார். 1969 இல் அலுவல்முறை அளவாயிற்று. மூன்று ஓட்டங்களுக்கு மேற்படாத முன்னிலையில் வந்து, இறுதி இன்னிங்ஸை எறிந்து வெற்றியைக் காப்பவர் பொதுவாகச் சேவ் பெறுகிறார். மூன்று ஓட்ட முன்னிலையில் ஓர் இன்னிங்ஸ் எறிவது பெரும்பாலான எறிவாளர்களால் இயலக்கூடியதே. மாறாக, ஏழாவது இன்னிங்ஸில் எல்லாத் தளங்களிலும் எதிரணியினர் நிற்க வந்து, ஆட்டத்தைக் காப்பவருக்குச் சேவ் கிடைக்காமல் போகலாம்.

இக்குறையைப் போக்க, ஒவ்வொரு சூழலிலும் அணியின் வெற்றி வாய்ப்பு எவ்வளவு மாறக்கூடும் என்பதைக் கணித்து, நெருக்கடியான சூழலில் எறிந்தவருக்குக் கூடுதல் மதிப்புத் தரும் அளவுகள் உருவாக்கப்பட்டன. எனினும் எறிந்த அளவின் வேறுபாடு பெரியது. 652 சேவ்களுடன் முதலிடத்தில் உள்ள மரியானோ ரிவேரா, 2.21 என்ற மிகச் சிறந்த வாழ்நாள் சராசரி பெற்றவர். அவர் எறிந்தவை 1,283 2/3 இன்னிங்ஸ். தொடக்க எறிவாளரான கிரெக் மேடக்ஸ் எறிந்தவை 5,008 1/3 இன்னிங்ஸ். ரிவேராவின் இன்னிங்ஸ்கள் பெரும்பாலும் நெருக்கடியானவை என்பதைச் சேர்த்துக் கொண்டாலும், நான்கு மடங்கு அளவு வேறுபாட்டை ஈடுசெய்வது கடினம்.

எக்கேள்விக்கு எவ்வளவு

எல்லாத் தேவைக்கும் பொருந்தும் ஒரே எண் இல்லை. கேட்கப்படும் கேள்வியைப் பொறுத்தே அளவு தெரிவு செய்யப்பட வேண்டும்.

- முடிந்த ஆண்டில் எவர் அணிக்கு அதிகம் பயன்பட்டார்? விருதுக்கான கேள்வி இது. உண்மையில் கொடுத்த ஓட்டங்களும் எறிந்த இன்னிங்ஸும் முதன்மையானவை. மைதானத்துக்கும் களத்தடுப்புக்கும் திருத்தம் செய்ய வேண்டும். ஈ.ஆர்.ஏ. பிளஸ், ஓட்டங்களை அடிப்படையாகக் கொண்ட வார் ஆகியன பொருத்தமானவை.
- அடுத்த ஆண்டில் எவர் நன்றாக எறிவார்? ஒப்பந்தம் செய்யும் அணியின் கேள்வி இது. ஸ்ட்ரைக்-அவுட் வீதம், இலவச நடை வீதம், எஃப்.ஐ.பி., ஸ்டேட்காஸ்ட் தரவுகள் ஆகியன பொருத்தமானவை. ஓர் ஆண்டின் ஈட்டிய ஓட்டச் சராசரி அடுத்த ஆண்டைக் கணிக்க இவற்றைவிடக் குறைவாகவே உதவும்.
- வாழ்நாள் முழுவதையும் எவ்வாறு மதிப்பிடுவது? பல ஆயிரம் இன்னிங்ஸில் தற்செயலின் பங்கு குறைந்துவிடும். எனவே காலத்துக்கும் மைதானத்துக்கும் திருத்தப்பட்ட ஓட்டச் சராசரியை இன்னிங்ஸோடு சேர்த்துப் பார்ப்பதே நம்பகமானது. 300 வெற்றிகள் என்ற பழைய எல்லையை 24 எறிவாளர்களே எட்டியுள்ளனர். அவர்களுள் கடைசியாக 2009 இல் எட்டியவர் ராண்டி ஜான்சன். எறிவாளர்கள் ஓர் ஆட்டத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறை பரவிய பின் இவ்வெல்லையைக் கொண்டு புதியவர்களை அளப்பது பொருந்தாது.

இரு வேறு அளவுகள் ஒரே முடிவைத் தரும்போது அம்முடிவை உறுதியாக ஏற்கலாம். அவை முரண்படும்போது, மார்ட்டினெஸின் இரு ஆண்டுகளில் கண்டது போல, எந்த ஓட்டங்கள் யார் கணக்கில் சேர்க்கப்பட்டன என்று பார்ப்பதே முறையாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- அடிபந்தாட்டம்
- மேஜர் லீக் அடிபந்தாட்டம்
- சை யங் விருது
- சேபர்மெட்ரிக்ஸ்
- ஹென்றி சாட்விக்